‘அட்வைஸ்’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது?

நெல்லித்தோப்பிலிருந்து நமது நேயர் ஒருவர் ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். இங்கிலீஷ் பாஷையில் ‘அட்வைஸ்’ என்று ஒரு வினைச்சொல் வழங்குகிறது. அகராதியைப் புரட்டினால் ‘ஆலோசனை கூறு, புத்தி சொல்லு’ என்று பொருள் கண்டிருக்கிறது. அப்படியானால் ஆலோசனை கூறுகிறவன் பெரியவனா, அதைக் கேட்டுக் கொள்ளுகிறவன் பெரியவனா என்பது அவருடைய சந்தேகம். அதோடு அவர் நிறுத்தவில்லை. “நாங்கள் கால் கடுக்க வரிசையில் நின்று வோட்டுப் போட்டு ஒருவரை அனுப்பினோம். அவர் ஆளப் போனாரா, ஆலோசனை சொல்லப் போனாரா?” என்றும் கேட்டிருக்கிறார்.

இலக்கணக் கேள்விக்குத் தலையங்கம் எழுதுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கவில்லை. புதுவை ஜனங்களின் சுயாட்சி முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று வீட்டுக்காரன் கேட்பது பிசகாகாது.

நெல்லித்தோப்புக்காரர் இதைக் கேட்பதில் ஒரு விசேஷமும் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்ரீ வி. நாராயணசாமி புதுவையின் முதல் மந்திரியாகப் பதவி ஏற்றபோது அவர் சட்டசபை அங்கத்தினராக இருக்கவில்லை. நெல்லித்தோப்பில் ஜயித்திருந்த ஸ்ரீ ஜான் குமார் தமது ஸ்தானத்தை விட்டுக்கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த உபதேர்தலில் நெல்லித்தோப்பு ஜனங்கள் 11,000-த்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் ஸ்ரீ நாராயணசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் அனுப்பியது வெறும் அங்கத்தினர் ஒருவரை அன்று. ஒரு முதல் மந்திரியை. அந்த முதல் மந்திரி 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் சகாக்களுடன் லெப்டினென்ட் கவர்னரின் மாளிகை வாசலில் இரவும் பகலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். தாம் சொன்ன ‘ஆலோசனை’கள் கிடப்பில் கிடக்கின்றன என்பதே அவர் முறையீடு. ஆளுகிறவன் வாசலில் உட்கார்ந்து முறையிடுவானா? முறையிடுகிறவன் ஆளுகிறவனாவானா? சொல்லின் பொருளை அறிந்தாலன்றி இதற்கு விடை கிடையாது.

முதலில் அகராதி வழியாகவே செல்வோம். இங்கிலீஷில் ஒரே கருத்துடையவை போலத் தோன்றும் வினைகள் பல உண்டு. ‘ஸஜெஸ்ட்’ என்பது மிக மெல்லியது. இப்படியும் செய்யலாமே என்று கருத்தைக் காதில் போட்டுவிட்டு விலகி நிற்பது. ‘ரெகமெண்ட்’ என்பது அதனினும் சற்று அழுத்தமானது; சொல்லுகிறவன் தன் மதிப்பையே பிணையாக வைத்து, இது நல்லது என்று எடுத்துக் கொடுப்பது. ‘கௌன்ஸல்’ என்பது பெரியவர் ஒருவர் சாவதானமாய் அமர்ந்து, தீர விசாரித்துச் சொல்லும் புத்தி. ‘வார்ன்’ என்பது செய்தால் கெடுவாய் என்று எச்சரிப்பது. ‘அர்ஜ்’ என்பது விடாமல் வற்புறுத்துவது. இவற்றின் நடுநாயகமாக இருப்பது ‘அட்வைஸ்’.

அது செல்லும் இடத்துக்கேற்ப வேஷம் மாற்றுவதில் சமர்த்து. வக்கீல் கட்சிக்காரனுக்கு ‘அட்வைஸ்’ செய்கிறார். ராஜி செய்துகொள் என்கிறார். கட்சிக்காரன் மாட்டேன் என்றால் வக்கீல் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நமக்கே அந்த அனுபவம் உண்டு. வைத்தியர் உப்பைக் குறை என்கிறார். நோயாளி வீட்டுக்குப் போய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறான். இங்கெல்லாம் சொல்லுவது ஒருவன் கடமை, கொள்ளுவதும் தள்ளுவதும் மற்றவன் இஷ்டம். பாங்கியிலிருந்து ‘அட்வைஸ்’ என்று ஒரு சீட்டு வருமானால் அதில் ஆலோசனை ஏதும் இராது. உங்கள் கணக்கில் இவ்வளவு தொகை பற்று எழுதினோம் என்ற தகவல்தான் இருக்கும். மேலதிகாரி தமக்குக் கீழே உள்ளவருக்கு ‘உமக்கு அட்வைஸ் செய்யப்படுகிறது’ என்று எழுதினால் அது பச்சைக் கட்டளை. மீறினால் வேலைக்கு ஆபத்து. நமது தெருவிலோ, ‘அட்வைஸ் பண்ணாதே’ என்று பிள்ளைகள் சொல்லும்போது அதற்குக் கேட்காத உபதேசம் என்று அர்த்தம். தகவல், யோசனை, உபதேசம், கட்டளை ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. எது எந்த இடத்தில் என்பதை அகராதி சொல்லாது. யார் யாருக்குச் சொல்லுகிறார், சொல்லுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டே அது விளங்கும்.

நம் பாஷையில் இதற்கு நேரான சொற்களுக்கும் சரித்திரம் உண்டு. மந்திரம் என்றால் ஆலோசனை. மந்திரி என்ற பேரே ஆலோசனை சொல்லுகிறவன் என்று பொருள்படும். திருவள்ளுவர் காலத்தில் சூழ்ச்சி என்பது நன்கு ஆராய்ந்து முடிவுக்கு வருதலைக் குறித்தது. இன்று அது சதியைக் குறிக்கிறது. அமைச்சு என்னும் அதிகாரத்தில், தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளிவிடும் அரசனுக்குங்கூட உறுதியானதை எடுத்துச் சொல்லுவது அமைச்சன் கடமை என்று வள்ளுவர் விதிக்கிறார். அரசன் கேட்டாக வேண்டும் என்று விதிக்கவில்லை. விதிக்கவும் முடியாது, அது முடியாட்சிக் காலம். செங்கோல் அரசனுடையது, சொல் மட்டுமே அமைச்சனுடையது. ‘ஆலோசனை’ என்றதும் நம் ஜனங்களின் மனத்தில் எழுகிற சித்திரம் இதுதான். சிம்மாசனத்தில் ஒருவர் வீற்றிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் கை கட்டி நின்று காதோடு சொல்லுகிறார்.

இனி இங்கிலீஷ்காரரின் ராஜ்ய வழக்கைப் பார்ப்போம். அங்கே சித்திரம் தலைகீழாகிவிட்டது. ராஜாவின் அதிகாரத்தை அவர்கள் ஒரே நாளில் பறித்துவிடவில்லை. பல தலைமுறைகளாகச் சிறிது சிறிதாகப் பார்லிமெண்டும் மந்திரிகளும் அதை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பேச்சில் பழைய மரியாதையை விடவில்லை. காரியத்தை முடிவு செய்கிறவர் மந்திரி. உத்தரவில் கையெழுத்திடுகிறவர் ராஜா. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சங்கிலிக்கு ‘அட்வைஸ்’ என்ற பழம் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு எஞ்சியிருப்பவை மூன்று உரிமைகளே என்று பாஜெட் என்னும் ஆசிரியர் 1867-இல் கணக்கிட்டுச் சொன்னார்: கலந்துகொள்ளப்படும் உரிமை, ஊக்கம் தரும் உரிமை, எச்சரிக்கும் உரிமை. மறுக்கும் உரிமை அக்கணக்கில் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதாவது, உண்மையில் ‘அட்வைஸ்’ செய்கிறவர் ராஜா. ‘அட்வைஸ்’ என்ற பேரில் உத்தரவிடுகிறவர் மந்திரி!

இது பழங்கதையன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி போரிஸ் ஜான்ஸன், பார்லிமெண்டின் கூட்டத்தொடரை முடித்து வைக்கும்படி எலிஸபெத் ராணிக்கு ‘அட்வைஸ்’ செய்தார். ராணியும் அப்படியே செய்தார். விவகாரம் கோர்ட்டுக்கு வந்தபோது, ராணி ஏன் இதற்குச் சம்மதித்தார் என்று யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. செப்டம்பர் 24-ஆம் தேதி அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகளும் ஒருமுகமாய், பிரதம மந்திரியின் ஆலோசனை சட்டவிரோதம், ஆகையால் அதன்மேல் நடந்ததும் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். பொறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரமும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சொல் நமது நாட்டுக்குக் கப்பலேறி வந்தபோதுதான் தொல்லை பிறந்தது. 1935-ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டம், மாகாணங்களில் கவர்னருக்கு ‘உதவியும் ஆலோசனையும்’ அளிக்க மந்திரி சபை ஒன்று உண்டு என்றது. ஆனால் அதே சட்டம் கவர்னருக்கு விசேஷப் பொறுப்புகள் என்றும், சொந்த விவேகம் என்றும் பல கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. சொல் இங்கிலாந்துச் சொல். உட்பொருள் அதற்கு நேர் விரோதம். 1937-ஆம் வருஷத்துத் தேர்தலில் வெற்றி பெற்ற காங்கிரஸ் உடனே பதவி ஏற்கவில்லை. மந்திரிகளின் அன்றாடக் காரியங்களில் கவர்னர்கள் அவ்விசேஷ அதிகாரங்களைப் பிரயோகிப்பதில்லை என்று உறுதிமொழி வேண்டும் என்று கேட்டது. மாதக்கணக்கில் வாதம் நடந்து, வைஸ்ராய் லின்லித்கோவின் விளக்கம் வந்த பிறகே, அவ்வாண்டு ஜூலையில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சென்னையில் பிரதம மந்திரியானார். நமது தலைவர்கள் அன்று நாற்காலிக்குப் போராடவில்லை. ஒரு வினைச்சொல்லின் பொருளுக்காகப் போராடினார்கள்.

சுதந்திரம் வந்த பிறகும் அதே சொல் நமது அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. ராஷ்டிரபதிக்கு ‘உதவியும் ஆலோசனையும்’ அளிக்கப் பிரதம மந்திரியைத் தலைவராகக் கொண்ட மந்திரி சபை இருக்கும் என்று 74-ஆவது ஷரத்து கூறிற்று. அந்த ஆலோசனைப்படி அவர் நடந்தே தீரவேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. வழக்கமே போதும் என்று விட்டுவிட்டார்கள். முதல் ராஷ்டிரபதி டாக்டர் ராஜேந்திர பிரசாதுக்கே ஐயம் வந்தது. 1951-இல் பண்டித நேரு கலந்தபோது, அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரும் அட்டர்னி ஜெனரல் ஸெத்தல்வாடும் ராஷ்டிரபதி கட்டுப்பட்டவரே என்று கூறினார்கள். இருந்தும் 1960-இல் ராஜேந்திர பிரசாத் சட்ட ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றின் மேடையில் அதே வினாவைப் பகிரங்கமாக எழுப்பினார். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் அவ்வினாவுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். 1976-இல் 42-ஆவது திருத்தம் ‘அவ்வாலோசனைப்படியே நடக்க வேண்டும்’ என்று எழுத்தில் ஏற்றிவிட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம், ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், மறுபடி வந்தால் ஏற்க வேண்டும் என்று அதற்கு ஒரு ஒழுங்கு செய்தது.

ஆனால் கவர்னர்களைப் பற்றிய 163-ஆவது ஷரத்தில் அத்தகைய வாசகம் சேர்க்கப்படவில்லை. அதன் பலனைத் தமிழ்நாடு கண்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றிருந்தவர்களை விடுவிக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரி சபை ஆலோசனை கூறிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் அது கவர்னர் மாளிகையில் உறங்கி, 2021-இல் ராஷ்டிரபதிக்குப் போயிற்று. 2022-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு, மந்திரி சபையின் ஆலோசனை கவர்னரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, பேரறிவாளனைத் தானே விடுவித்தது. அவ்விடுதலை சரியா தவறா என்பதில் வாசகர்கள் பலவித அபிப்பிராயம் கொண்டிருக்கலாம். அது இங்கே வாதமன்று. முழு ராஜ்யமாகிய தமிழ்நாட்டுக்கே ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்ட இத்தனை காலம் பிடித்தது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. அப்படியானால் புதுவையின் கதி என்ன?

புதுவை இந்தியாவோடு சேர்ந்த சரித்திரத்தை இவ்விடத்தில் நினைவுபடுத்த வேண்டும். 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு இணங்கி வோட்டளித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956-ஆம் வருஷம் மே 28-ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கை, 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படி அமுலுக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் ஷரத்து, இப்பிரதேசத்தின் விசேஷ நிர்வாக அந்தஸ்தில் அரசியல் மாறுதல் ஏதும் செய்வதானால் ஜனங்களின் விருப்பத்தை அறிந்துகொண்ட பின்னரே செய்ய வேண்டும் என்கிறது. ஜனங்களின் விருப்பமே பிரதானம் என்று இரண்டு தேசங்கள் ஒப்பிக் கையெழுத்திட்டன.

அதற்குப் பின் வந்தது 1963-ஆம் வருஷத்து யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம். அதன் 44-ஆவது பிரிவில்தான் நமது நேயரின் சொல் உட்கார்ந்திருக்கிறது. முதல் மந்திரியைத் தலைவராகக் கொண்ட மந்திரி சபை, நிர்வாகிக்கு, அதாவது லெப்டினென்ட் கவர்னருக்கு, ‘உதவியும் ஆலோசனையும்’ அளிக்கும் என்கிறது. இதுவரை நல்லதே. ஆனால் அடுத்த வரியில் ஒரு ‘ஆனால்’ வருகிறது. ஏதேனும் ஒரு விஷயத்தில் நிர்வாகிக்கும் மந்திரிகளுக்கும் அபிப்பிராய பேதம் உண்டானால் அதை ராஷ்டிரபதிக்கு அனுப்பி, அவர் தீர்ப்புப்படி நடக்க வேண்டும். அவசரம் என்று நிர்வாகி கருதினால், தீர்ப்பு வருவதற்கு முன்பே தாம் உசிதம் என்று எண்ணுவதைச் செய்துகொள்ளலாம். ராஷ்டிரபதி என்றால் நடைமுறையில் தில்லி உள்நாட்டு இலாகா. ஆக, ராஷ்டிரபதி தம் மந்திரிகளின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். லெப்டினென்ட் கவர்னர் தம் மந்திரிகளின் ஆலோசனையோடு மாறுபடலாம். மாறுபட்டால் முடிவு செய்வது வேறு மந்திரிகள். நெல்லித்தோப்பு ஜனங்கள் தேர்ந்தெடுத்தவரின் ‘அட்வைஸ்’ முதல் வகையைச் சேர்ந்தது, வைத்தியர் சொன்ன ஊறுகாய்ப் பத்தியம். தில்லியிலிருந்து வருகிற ‘அட்வைஸ்’ மேலதிகாரியின் கடிதம். ஒரே சட்டத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு விலை!

இதன் பலன் ஏழையின் அடுப்படி வரைக்கும் சென்றது. ரேஷன் கார்டுதாரருக்கு இலவச அரிசி கொடுக்க வேண்டும் என்றது மந்திரி சபை. அரிசிக்குப் பதில் பணத்தைப் பாங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றார் அப்போதைய லெப்டினென்ட் கவர்னர் ஸ்ரீமதி கிரண் பேடி. அபிப்பிராய பேதம் தில்லிக்குப் போயிற்று. பணமே என்று தில்லி முடிவு செய்தது. முதல் மந்திரி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். 2020-இல் அவர் மனு தள்ளப்பட்டது. அரிசி நல்லதா, பணம் நல்லதா என்று பொருளாதார நிபுணர்கள் இரு பக்கமும் பேசலாம். ஆனால் பானையில் எதைப் போடுவது என்பதைப் பானைக்குடையவர்கள் அனுப்பிய பிரதிநிதிகள் முடிவு செய்யக்கூடாதா என்பதே கேள்வி.

கோர்ட்டுகள் இச்சொல்லை எப்படி நடத்தின என்பதையும் சுருக்கமாகச் சொல்லுவோம். தில்லிக்கு உரிய 239-ஏஏ ஷரத்திலும் ஏறக்குறைய இதே ‘ஆனால்’ இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு, ‘ஏதேனும் ஒரு விஷயம்’ என்பதை ‘ஒவ்வொரு விஷயமும்’ என்று படித்துவிடக் கூடாது, தொட்டதற்கெல்லாம் மாறுபட்டு மேலே அனுப்புவது முறையன்று, முதலில் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும் என்று அழகாக விளக்கிற்று. சிறு சொல்லின் நுட்பத்தில் ஒரு நகரத்தின் சுயாட்சி இருக்கிறது என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதே தீர்ப்பு, புதுவையின் ஏற்பாடு தில்லியினின்றும் வேறுபட்டது என்றும் குறித்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டின் தனி நீதிபதி, புதுவையின் அன்றாட நிர்வாகத்தில் லெப்டினென்ட் கவர்னர் தலையிடலாகாது என்று தீர்ப்பளித்தார். புதுவையில் சிலர் பட்டாசு வெடித்திருக்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. தில்லியின் மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 2018-இல் நீதிபதிகள் வினைச்சொல்லுக்குப் பொருள் கூறினார்கள். 2021-இல் பார்லிமெண்டு பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டது. தில்லிச் சட்டசபை இயற்றும் சட்டங்களில் ‘அரசாங்கம்’ என்றால் லெப்டினென்ட் கவர்னர் என்று அர்த்தம் என எழுதிவிட்டார்கள்! கோர்ட்டு தரும் பொருளை மட்டும் நம்பியிருப்போருக்கு இது ஒரு பாடம்.

இன்னொரு வினைச்சொல்லையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். ‘நாமினேட்’, அதாவது நியமித்தல். புதுவைச் சட்டசபையில் ஜனங்கள் தேர்ந்தெடுப்பது 30 பேர். அவர்களுக்கு மேல் மூவர் வரையில் மத்திய சர்க்கார் நியமிக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. 2017-இல் புதுவை மந்திரி சபையைக் கேளாமலே மூவர் நியமிக்கப்பட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமில்லை, அவர்கள் வோட்டும் அளிக்கலாம் என்று 2018 டிசம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி ஸ்ரீ நாராயணசாமியின் மந்திரி சபை கவிழ்ந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்த 14 பேரில் அந்த மூவரும் அடக்கம். மந்திரி சபை கவிழ்ந்ததற்குச் சொந்தக் கட்சியாரின் ராஜிநாமாக்களே முதற் காரணம் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு வோட்டும் பெறாதவர், ஆயிரக்கணக்கான வோட்டுப் பெற்றவரோடு சமமாகக் கை தூக்குவது ஜனநாயகத்தின் இலக்கணத்தில் எந்த வேற்றுமை என்று நமக்கு விளங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ‘அட்வைஸ்’ என்னும் சொல் இங்கிலீஷுக்கே சொந்தமன்று. பழைய பிரெஞ்சிலிருந்து அங்கே போயிற்று. ‘அவி’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு அபிப்பிராயம், ஒருவருக்குத் தோன்றுகிறபடி, என்று பொருள். லத்தீனில் ‘பார்த்தல்’ என்பது அதன் வேர். பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லின் ஆபத்தை உணர்ந்து தங்கள் நிர்வாகச் சட்டத்தில் இதற்கு அடைமொழி கொடுத்துவிட்டார்கள். ‘அவி ஸாம்ப்ள்’ என்றால் வெறும் அபிப்பிராயம். கேட்பது கட்டாயம், ஏற்பது கட்டாயமன்று. ‘அவி கோன்ஃபோர்ம்’ என்றால் அதன்படியே நடந்தாக வேண்டிய அபிப்பிராயம். மாறி நடந்தால் அந்தக் காரியமே செல்லாது. எது எந்த வகை என்பதைச் சட்டம் இயற்றுகிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஜனங்கள் நீதிபதிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஏகாதிபத்தியத்துக்காக நாம் ஏங்குகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1936-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி ஆலைத் தொழிலாளிகள் 12 பேரைச் சுட்டுக் கொன்ற ஆட்சி அது. அதை ஒழித்ததற்காக ஒரு நாளும் வருந்தோம். ஆனால் பகைவனிடத்திலும் நல்ல சட்ட வாசகம் இருந்தால் கற்றுக்கொள்ளுவதில் இழிவில்லை. புதுவைக்கு வேண்டுவது அந்த ஒரு அடைமொழியே.

ஆட்சேபங்களை நாம் அறிவோம். புதுவை சிறிய பிரதேசம், மத்திய சர்க்காரின் பணத்தை நம்பியிருக்கிறது, ஆகையால் மத்திய சர்க்காரின் கண் அதன்மேல் இருக்க வேண்டாமா என்பார்கள். கண் இருக்கட்டும், கணக்குப் பரிசோதனை இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, பார்லிமெண்டு இருக்கிறது. கண் வேறு, கை வேறு. மந்திரிகள் ஊழல் செய்தால் தடுக்க ஒருவர் வேண்டாமா என்பார்கள். மந்திரி கெட்டவரானால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நெல்லித்தோப்பு அவரை விசாரிக்கும். லெப்டினென்ட் கவர்னர் தவறினால் அவரை விசாரிக்க நெல்லித்தோப்புக்கு எந்தப் பெட்டி இருக்கிறது? 2021 பிப்ரவரியில் ஸ்ரீமதி பேடி விலக்கப்பட்டபோதுகூட அது தில்லியின் இஷ்டமாக நடந்ததேயன்றிப் புதுவை ஜனங்களின் தீர்ப்பாக நடக்கவில்லை. அவரை நாம் குறை கூறவில்லை. சட்டம் தமக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று அவர் சொன்னார், இரு நீதிபதிகளும் அதை மறுக்கவில்லை. ஆளை மாற்றினால் போதும் என்று திருப்தி அடைகிற நம்மவர்கள் மேல்தான் நமக்கு வருத்தம். நல்லவர் வந்தால் சொல் கட்டளையாகும், மாறுபட்டவர் வந்தால் அதே சொல் ஊறுகாய்ப் பத்தியமாகும் என்றால், அது சுயாட்சியன்று, தயவு.

1963-ஆம் வருஷத்துச் சட்டம் புதுவைக்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. ஹிமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா ஆகியவையும் அதன் கீழ் இருந்தன. ஹிமாசலம் 1971-இலும், மணிப்பூரும் திரிபுராவும் 1972-இலும், கோவா 1987-இலும் முழு ராஜ்யங்களாயின. பின்னால் அச்சட்டத்தின் கீழ் வந்த மிஜோரமும் அருணாசலமும் 1987-இலேயே வெளியேறின. எல்லோரும் இறங்கிப் போன வண்டியில் புதுவை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. முழு ராஜ்ய அந்தஸ்து வேண்டும் என்று அதன் சட்டசபை பன்முறை தீர்மானம் நிறைவேற்றியாயிற்று. அத்தீர்மானங்களும் ஒருவகை ‘அட்வைஸ்’ ஆகத்தான் தில்லியில் கருதப்பட்டன போலும்!

நமது யோசனை இது. முழு ராஜ்யம் என்ற கோரிக்கையைக் கைவிட வேண்டாம்; அதுவே முடிவான பரிகாரம். ஆனால் அது வரும் வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 44-ஆவது பிரிவில் ‘அவ்வாலோசனைப்படியே நடக்க வேண்டும்’ என்ற வாசகத்தைச் சேர்க்கும்படி கேட்போம். 1976-இல் ராஷ்டிரபதிக்குப் பொருந்தியது லெப்டினென்ட் கவர்னருக்குப் பொருந்தாமற் போகாது. மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கு இருக்கட்டும். தேசத்தின் பாதுகாப்பு போன்ற பெரிய விஷயங்களில் மட்டும் மேலே அனுப்பலாம், அதற்கும் நாள் குறிப்பிட வேண்டும் என்று ‘ஆனா’லுக்கு ஒரு வேலி போடச் சொல்லுவோம். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. சாதாரணச் சட்டத் திருத்தமே போதும். தேர்தலில் வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியாரிடமும், இதற்காகப் பார்லிமெண்டில் வாய் திறப்பீரா என்று கேட்க வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுக்கூட்டத்தில் ‘மாநில அந்தஸ்து’ என்று கோஷமிடுவது சுலபம். அந்தஸ்து என்ற சொல் காதுக்கு இனிக்கும். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டவனுக்குத் தெரியாது. 44-ஆவது பிரிவைத் தமிழில் தெளிவாக எழுதி, சந்தையிலும் ஆலை வாசலிலும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மந்திரி உத்தரவிடுகிறவரா, காதோடு சொல்லிவிட்டுக் காத்திருக்கிறவரா என்று ஜனங்களையே கேளுங்கள். தம்மைக் கட்டியிருக்கும் கயிறு எது என்று அறிந்த ஜனங்கள் அதை அவிழ்க்கும் வழியையும் அறிந்துகொள்ளுவார்கள்.

நெல்லித்தோப்பு நேயருக்கு நமது விடை இதுவே. ‘அட்வைஸ்’ என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் இல்லை, ஐயா. அதன் பொருள் சொல்லுகிறவரின் பலத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பினவர் ஆளத்தான் போனார்; சட்டம் அவரை ஆலோசனை சொல்லுகிறவராக நிறுத்தி வைத்தது. அவரை அனுப்பிய பலம் உங்களுடையது. அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதும் பாத்தியதையும் உங்களுடையதே. அதை எழுதும் வரையில் ஓய வேண்டாம்.